பந்து சோறு போடுமா?

"பந்து சோறு போடுமாலே?"

உவரிக் கடற்கரையில் ஒரு தாய் தன் மகனைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது.

மகனுக்கு வயது 12 இருக்கும். கையில் ஒரு பழைய பந்து. காலில் செருப்பு இல்லை. முழங்கால் வரை மணல். அவன் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். ஆனால் பந்தை மட்டும் விடவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

அந்தக் கேள்வி என் மனதில் தைத்துவிட்டது. அது ஒரு தாயின் கேள்வி மட்டும் அல்ல. ஊர் ஊராகப் பெற்றோர் கேட்கும் கேள்வி. கேட்பதில் தப்பும் இல்லை. கடலை நம்பி வாழும் வீட்டில் நாளைய சோறு பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியுமா?

ஆகவே, அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உவரிக் கரையிலே

உவரி, திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரை ஊர். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வழியில் வரும். அந்தோணியார் கோவில் இங்கேதான் இருக்கிறது. சுயம்புலிங்க சுவாமி கோவிலும் இங்கேதான் இருக்கிறது. கப்பல் வடிவில் கட்டிய மாதா கோவிலும் உண்டு. "கொற்கை" நாவலுக்காக 2013-ம் ஆண்டு சாகித்திய அகாடமி பரிசு பெற்ற ஜோ டி குருஸ் பிறந்த ஊரும் இதுவே.

மாலையில் கரைக்குப் போய்ப் பாருங்கள். வள்ளங்கள் மேலே ஏறிக் கிடக்கும். வலை காயும். அதற்கு நடுவே பையன்கள் பந்து ஆடுவார்கள். இரண்டு கம்பு நட்டால் அதுதான் கோல். எல்லைக்கோடு கிடையாது. ஒரு பக்கம் கடல்தான் எல்லை!

பந்து அலையில் போய்விட்டால் ஆட்டம் நிற்கும். ஒருவன் பாய்ந்து நீந்துவான். எடுத்து வருவான். மறுபடியும் ஆட்டம் தொடங்கும்.

மணலில் ஓடிய கால் உரம் ஏறிய கால். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மணலில் பந்து உருளாது. உருளாத பந்தை ஒருவன் இன்னொருவனுக்குத் தள்ளிக் கொடுக்க முடியாது. ஆகவே, ஓட்டம் வரும்; ஆட்டம் வராது. சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. இருட்டியதும் வீடு. 16 வயது ஆனதும் கடல், அல்லது வெளியூர் வேலை. அத்தோடு பந்து போயிற்று!

மூன்று நாள் கூத்து

"விளையாட்டை வளர்க்கத்தான் பந்தயம் நடத்துகிறோமே!" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

உண்மைதான். நம் தென் மாவட்டத்து ஊர்களில் திருவிழா வந்தால் பந்தயமும் வரும். மின்சார விளக்கு, ஒலிபெருக்கி, சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு! மூன்று நாள் ஊரே திரளும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அது மட்டும் போதாது என்று நான் சொல்லுவேன். அனுபவப்பட்டுச் சொல்லுகிறேன்.

என் ஊரில் ஒரு சங்கம் இருந்தது. நான் அதற்குப் பொருளாளர். பக்கத்து ஊரைவிடப் பெரிய பந்தயம் நடத்த வேண்டும் என்று எங்களுக்கு வீம்பு வந்தது. கடன் வாங்கினோம். விளக்குப் போட்டோம். எங்கள் அணி வெற்றி பெற வேண்டுமே! வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தோம். எங்கள் ஊர்ப் பையன்கள் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார்கள்.

கோப்பை கிடைத்தது. ஊர்வலம் விட்டோம். மறுநாள் விளக்குக்காரர் வந்தார். பந்தல்காரர் வந்தார். கணக்குப் பார்த்தோம். உதைத்தது! "நீ தின்றாய், நான் தின்றேன்" என்று சண்டை. ஆறு மாதத்தில் சங்கத்தைப் பூட்டினோம்.

அந்தக் கோப்பை இன்றைக்கும் ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பந்து வாங்க அன்று எங்களிடம் காசு இல்லை!

மூன்று நாள் வாண வேடிக்கைக்குச் செலவழித்த பணத்தில் ஆண்டு முழுவதும் விளக்கு எரித்திருக்கலாம். இதுதான் நான் கற்ற பாடம். பந்தயம் ஊருக்கு அழகு. சங்கம் ஊருக்கு உயிர். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், சங்கத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்கு நடுவே ஒரு சங்கம்

"சின்ன ஊரில் சங்கம் நிலைக்குமா?" என்று கேட்பீர்கள்.

வெகு தூரத்தில் ஒரு நாடு. பெயர் எஸ்தோனியா. ஐரோப்பாவின் வடக்கே, பால்டிக் கடல் ஓரத்தில் இருக்கிறது. நாடு முழுவதும் சேர்த்தாலும் ஜனத்தொகை 14 லட்சத்தை எட்டாது. 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி, பிரிவதற்கு முந்திய நெல்லை மாவட்டத்தில் மட்டும் 30 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் பாதி கூட இல்லாத நாடு அது!

அந்த நாட்டிலே சாரெமா என்று ஒரு தீவு. அங்கே குரெசாரே என்று ஒரு சிறு பட்டணம். சுமார் 13 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அந்தப் பட்டணத்தார் 1997-ம் ஆண்டு ஒரு கால்பந்துச் சங்கம் தொடங்கினார்கள். தீவு ஆயிற்றே! எதிர் அணி வருவதானால் படகில் ஏறிக் கடலைத் தாண்டி வர வேண்டும்.

அந்தச் சங்கம் நாட்டின் மேல் பிரிவுக்கு ஏறியது. மேல் பிரிவில் இருப்பது பத்தே அணிகள்! ஏறிய சங்கம் பிறகு கீழே இறங்கியது. மறுபடி ஏறியது. இறங்கியபோது யாரும் சங்கத்தைப் பூட்டவில்லை. அதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி.

அந்த நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. குளிர்காலத்தில் பனி கொட்டும். மைதானம் கல்லாக இறுகும். பெரிய ஆட்டங்கள் மார்ச் மாதம் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். அப்புறம் என்ன செய்வார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்களா? இல்லை. கூடத்துக்குள்ளே போவார்கள். சிறு பந்தாட்டம் ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்குப் பெயர் புட்சால்.

பனி வந்தது என்று அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. இடத்தை மாற்றினார்கள். நமக்குப் பனி இல்லை, மணல் இருக்கிறது. இடநெருக்கடி இருக்கிறது. நாமும் மாற்றிப் பார்த்தால் என்ன?

புட்சால் என்றால் என்ன?

இது இன்று நேற்று வந்த ஆட்டம் அல்ல. 1930-ம் ஆண்டு தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டில் பிறந்தது. அந்த ஆண்டுதான் முதல் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. உருகுவேதான் வெற்றி பெற்றது. பையன்களுக்குப் பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது! ஆட இடம் இல்லை. ஜுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் யோசித்தார். உள்கூடத்தில் ஆடக்கூடிய ஆட்டம் ஒன்றை வகுத்தார். அதுவே வளர்ந்து புட்சால் ஆயிற்று.

பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் ஒருவர் கோல் காப்பவர். ஒரு பாதிக்கு 20 நிமிடம், இரண்டு பாதி. களைத்தவன் வெளியே வரலாம். இன்னொருவன் உள்ளே போகலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். ஆகவே, பத்துப் பேர் வந்தாலும் பத்துப் பேருக்கும் ஆட்டம் உண்டு!

பந்து சற்றுச் சிறியது. துள்ளாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது விதி. அதனால் பந்து காலடியிலேயே கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைக்கிற வேலை இங்கே செல்லாது. நிறுத்த வேண்டும். பார்க்க வேண்டும். கொடுக்க வேண்டும். பந்து வெளியே போனால் நாலு விநாடிக்குள் திரும்ப ஆட வேண்டும். மூளை சும்மா இருக்க முடியாது!

பிரேசில் நாட்டுப் பெலே சிறு வயதில் இதை ஆடியவர். நெய்மாரும் அப்படித்தான். 2024-ம் ஆண்டு உஸ்பெகிஸ்தானில் நடந்த புட்சால் உலகக் கோப்பையையும் பிரேசில்தான் வாங்கியது.

பத்து சென்ட் போதும்!

இப்போது ஒரு கணக்குப் போடுவோம்.

முழு மைதானம் 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,400 சதுர மீட்டர். ஒன்றரை ஏக்கருக்கு மேல் வேண்டும். கடற்கரை ஊரில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

புட்சால் களத்துக்கு 25 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம் இருந்தால் போதும். 400 சதுர மீட்டர். நம் கணக்கில் பத்து சென்ட்! ஒரு பெரிய மைதானத்துக்குள் இப்படிப் பதினாறு களம் அடங்கும்.

பத்து சென்ட் சிமெண்டுத் தளம் போட ஊரால் முடியாதா? சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டு, கடல் மண்ணைப் பெட்டி பெட்டியாகத் தலையில் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள் பக்தர்கள். மண் சுமந்தால் மனக்குறை தீரும் என்று நம்புகிற பூமி இது. பிள்ளைகளுக்காக நாலு பெட்டி மண் சுமக்க மாட்டார்களா என்ன?

இந்தியாவில் புட்சால் இப்போதுதான் தளிர் விடுகிறது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் சங்கங்களுக்கான முதல் புட்சால் போட்டியை 2021-ம் ஆண்டு டில்லியில் நடத்தியது. இந்திய அணி வெளிநாட்டில் முதல் ஆட்டம் ஆடியது 2023-ம் ஆண்டில். அதாவது, வரிசை இன்னும் நீளவில்லை. இப்போது போய் நிற்கிறவனுக்கு முன்னால் இடம் கிடைக்கும்.

கரைகள் சொல்லும் கதை

நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடிக்குப் போங்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக மீனவர் ஊர்கள். அங்கே பந்து என்றால் உயிர். 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அப்படி அழுத கரைதான் அது. ஆனாலும் அங்கே பந்து நின்றுவிடவில்லை. அந்தக் கரையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019-ம் ஆண்டு இந்திய அணிக்கு ஆடினார். அடுத்த பருவத்தில் இந்திய சூப்பர் லீக் கோப்பை வென்ற கொல்கத்தா அணியிலும் இருந்தார்.

சென்னை வியாசர்பாடியைப் பாருங்கள். அடிதடி என்றால் அந்தப் பெயரைச் சொன்ன காலம் உண்டு. அங்குள்ளவர்களே 1997-ம் ஆண்டு குடிசைப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பந்து கொடுத்தார்கள். படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று வியாசர்பாடி என்றால் கால்பந்து!

கடலூரைப் பாருங்கள். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வாரிச் சுருட்டிய கரை. அதே கடலூரில் பெண் பிள்ளைகள் பந்தாடக் கற்றார்கள். அங்கே பயின்ற இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ம் ஆண்டும், 2023-ம் ஆண்டும் தேசியக் கோப்பையைக் கொண்டு வந்தது.

தாய்மார்களே, இதைக் கவனியுங்கள்! பந்து ஆண் பிள்ளைக்கு மட்டும் சொந்தம் அல்ல.

நேர்மையான பதில்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பந்து சோறு போடுமா?

சிலருக்குப் போடும். விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீதம் இட ஒதுக்கீடு இருக்கிறது. போலீஸ், ரெயில்வே போன்ற இடங்களிலும் விளையாட்டுக்கு மதிப்பு உண்டு.

ஆனால் எல்லாருக்கும் போடாது. நூறு பையன்கள் ஆடினால் நூறு பேரும் வேறு வேலை பார்த்துத்தான் பிழைக்க நேரலாம். இதை மறைத்துப் பேசுகிறவனை நம்பாதீர்கள். பெரிய ஆட்டக்காரர் ஆனாலும் ஆபத்து உண்டு. சூசைராஜுக்கே 2020-ம் ஆண்டுப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் முழங்காலில் பலத்த அடி. அந்தப் பருவம் முழுவதும் போயிற்று.

"அப்படியானால் எதற்கு?" என்று கேட்பீர்கள்.

ஒரு வள்ளத்தில் நாலைந்து பேர் கடலுக்குப் போகிறார்கள். ஒருவன் சோம்பினால் என்ன ஆகும்? ஒருவன் சொல் கேளாவிட்டால் என்ன ஆகும்? வலை கிழியும். சில சமயம் உயிரே போகும். ஐந்து பேர் ஆடும் அணியும் அந்த வள்ளத்தைப் போலத்தான். நேரத்துக்கு வர வேண்டும். தன் இடத்தில் நிற்க வேண்டும். தோற்றால் அடுத்தவன் மேல் பழி போடக் கூடாது. இதை 12 வயதில் கற்ற பையன் எந்த வேலைக்குப் போனாலும் முதலாளி விட மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. மாலை 6 மணி முதல் 8 மணி வரை பையன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? சாராயத்துக்கும் சூதுக்கும் ஆள் பிடிக்கிற நேரம் அது. அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு பந்து காவல் காக்கும் என்றால், அது சோறு போடுவதற்கு எந்த வகையில் குறைச்சல்?

எப்படித் தொடங்குவது?

பேச்சு போதும். காரியத்துக்கு வருவோம்.

முதலாவது, பதிவு. 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்யலாம். பதிவான சங்கத்தைத்தான் நாலு பேர் நம்புவார்கள்.

இரண்டாவது, பணம். 40 வீட்டார் மாதம் 50 ரூபாய் கொடுக்கட்டும். மாதம் 2,000 ரூபாய். ஆண்டுக்கு 24,000 ரூபாய். பந்து, வலை, விளக்குச் செலவு, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதிலிருந்து எடுக்கலாம். தளம் போடுவதற்கு, கப்பலிலும் வெளிநாட்டிலும் சம்பாதிக்கும் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: மாதக் கணக்கை எழுதி எல்லாரும் பார்க்கும் சுவரில் ஒட்ட வேண்டும். என் சங்கம் செத்தது பணம் இல்லாமல் அல்ல, கணக்கு இல்லாமல்!

மூன்றாவது, சொல்லிக் கொடுக்க ஆள். ஓய்வு பெற்ற டிரில் வாத்தியார் ஒருவர் கிடைக்க மாட்டாரா? ஊர் இளைஞர் ஒருவரைப் பயிற்சியாளர் படிப்புக்கும் அனுப்பலாம். அகில இந்திய சம்மேளனம் அதற்கு வகுப்பு நடத்துகிறது.

நாலாவது, பள்ளிக்கூடம். வகுப்புக்குப் போகாதவனுக்கு அந்த வாரம் ஆட்டம் இல்லை! இந்த ஒரு விதியைப் போடுங்கள். பெற்றோரே பையனைக் கொண்டு வந்து விடுவார்கள்.

ஐந்தாவது, பெண் பிள்ளைகள். வாரத்தில் இரண்டு மாலை களம் அவர்களுடையது. அன்றைக்கு ஆண் பிள்ளைகள் கரையில் ஆடட்டும்.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியம். இந்தத் தெரு, அந்தத் தெரு என்று பிரிக்காதீர்கள். அந்தோணியார் கோவில் பிள்ளையும், சுயம்புலிங்க சுவாமி கோவில் பிள்ளையும் ஒரே சட்டை போட்டு ஆடட்டும். வெளியூர் ஆட்டக்காரருக்குக் காசு கொடுக்காதீர்கள். தோற்றாலும் நம் பிள்ளைகள் தோற்கட்டும்! அடுத்த ஆண்டு அவர்களே ஜெயிப்பார்கள்.

அந்தப் பையனுக்காக

இது உவரிக்கு மட்டும் சொன்ன சேதி அல்ல. கூட்டப்பனை, இடிந்தகரை, பெருமணல் என்று நம் கரை நெடுகிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊருக்குப் பத்து சென்ட் களம் இருந்தால் அவர்களுக்குள்ளேயே ஒரு போட்டி நடத்தலாம். பரிசு பெரிதாக வேண்டாம். ஒரு நல்ல பந்து போதும்.

அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான்:

அம்மா! பந்து சோறு போடுமோ, போடாதோ, எனக்குத் தெரியாது. ஆனால் சோற்றை உழைத்துத் தின்னும் ஆளாக உங்கள் மகனை அது ஆக்கும். நாலு பேரோடு சேர்ந்து நிற்கப் பழக்கும். இருட்டும் நேரத்தில் அவனை உங்களிடம் பத்திரமாகத் திருப்பி அனுப்பும்.

பந்தைப் பிடுங்காதீர்கள். ஊரைக் கூட்டி, அந்தப் பந்து உருள ஓர் இடம் கேளுங்கள்!